சுருளிப்பட்டியில் ஒரு வாம்பேட் வாசல்

ஆஸ்திரேலியாவை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. சிரிக்காதீர்கள், எனக்கு இன்னும் அங்கிருந்த வேலியின் நினைப்புதான். அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் நானும் என் கூட்டாளி செல்வமும் ஆறு வருஷம் கம்பி இழுத்துக் கட்டினோம். அவன் இப்போது சுருளிப்பட்டியில் சொந்தத் தோட்டக்காரன். போன சனிக்கிழமை அவனைப் பார்க்கக் கிளம்பினேன்.

தேனியில் காலை 6.40 பஸ். கம்பம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் முகத்தில் அடிக்கும், ஆனால் மேகமலை அந்தப் பக்கம்தான். கம்பத்திலிருந்து ஆட்டோ ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், நான் விடவில்லை.

பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்ததுமே பழைய பேச்சு ஆரம்பித்துவிட்டது. செல்வம் கங்காரு கட்சி, நான் வாம்பேட் கட்சி. இரண்டும் வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் ஆஸ்திரேலிய விலங்குகள்தான், ஆனால் பிழைப்பு வேறு. கங்காரு கூட்டமாக மேயும். வேலி வந்தால் தாண்டும், முடியாவிட்டால் வேறு பக்கம் போகும். வாம்பேட் குட்டைக்கால் உருண்டை. தனியாக வளை தோண்டி வாழும், சதுரச் சதுரமாகப் புழுக்கை போடும். கங்காருவுக்குப் பை முன்பக்கம் திறந்திருக்கும். வாம்பேட்டுக்குப் பின்பக்கம், தோண்டும் மண் குட்டிமேல் விழக்கூடாதே! அங்கே ஆறு வருஷமும் சாயங்காலமானால் எங்களுக்குள் இதே வாக்குவாதம்தான்.

பேசிக்கொண்டே போன செல்வம் ஓரிடத்தில் நின்றான். கம்பிவேலி விலகிக் கிடந்தது. அந்தப் பக்கம் அவன் அண்ணன் பங்கு. பாகம் பிரித்ததும் இவன் வேலி போட்டான்; அன்றிலிருந்து பேச்சில்லை.

"பத்துத் தடவ கட்டிட்டேன் மாப்ள. மதினி தெனமும் விலக்கிட்டு இங்கனதான் வாராக. ரோட்டுக்குச் சுத்திப் போனா என்னவாம்?"

பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: "அடுத்த ஞாயிறு அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நான் தூக்கி வளத்த புள்ள. ஊர் பூரா பத்திரிக்க வச்சாச்சு, எனக்கு மட்டும் வரல." கண் கலங்கிவிட்டது பாவிக்கு.

"ஆஸ்திரேலியாவுல அந்த வாம்பேட்டு பிச்ச வேலிய எத்தன தடவ கட்டுன?" என்று கேட்டேன். அண்ணன் மனைவியைப் போய் வாம்பேட் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஆனால் அவனுக்குப் புரிந்தது. அங்கே ஒரு வாம்பேட் பழகிய தடத்தை விடவே இல்லை. நாங்கள் அடைக்க, அது அதே இடத்தில் பிய்க்க, கடைசியில் முதலாளியே தோற்று அந்த இடத்தில் ஒரு தொங்கு கதவு மாட்டச் சொன்னார். அது தலையால் முட்டிக்கொண்டு போகும், கதவு தானாக மூடிக்கொள்ளும். மாட்டியவன் செல்வம்தான்.

செல்வம் போய்க் கட்டிங் பிளேயர் எடுத்து வந்து அந்த இடத்துக் கம்பியை வெட்டினான். வெட்டி முடிக்கவும் மதினி புல்லுக்கட்டோடு வரவும் சரியாக இருந்தது. அவர் திகைத்து நின்றார்.

"இங்கன கதவு மாட்டப் போறேன் மதினி. பூட்டு கெடையாது."

மதினி கட்டைக் கீழே இறக்கினார். "எந்தப் பக்கமா வந்து ஒங்களுக்குப் பத்திரிக்க வைக்கிறதுன்னு ஒங்கண்ணன் ரெண்டு நாளா முழிச்சிக்கிட்டு இருக்காக, தம்பி. நான் போய்ச் சொல்றேன்."

போகிறவர்களுக்கு: காலை பத்துக்குள் போங்கள், தொப்பி வேண்டும், கேட்காமல் குலையைத் தொடாதீர்கள். வருகிற ஞாயிறு மட்டும் செல்வம் தோட்டத்துக்குப் போக வேண்டாம். அண்ணனும் தம்பியும் கல்யாணப் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.