சட்டித்தலையனுக்கு எண்பத்தைந்து மார்க்

ஒரு டி.வி. கேம் நன்றாயில்லை என்று ஒன்பது வயதுப் பெண் சொன்னால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்? போன கோடை விடுமுறையிலிருந்து இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. பதில் தெரியாமலேதான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நாங்கள் முடிச்சூர் ரோட்டில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். எண்பத்தெட்டில் கல்யாணமாகி வந்தபோது ஜன்னலைத் திறந்தால் வயல். இப்போது வரிசையாகக் கல் நட்ட பிளாட்டுகள். என் கணவர் காலை ஏழரைக்கு மின்சார ரயிலைப் பிடிக்கக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். கீழே ஹவுஸ் ஓனர் அக்கா. இந்த ஊர்க்காரர். வாய் கொஞ்சம் சத்தம், ஆனால் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்கு வராமல் இருக்காது. அவருக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரே பையன். தெருவிலேயே டி.வி. கேம் இருந்தது அந்த வீட்டில் மட்டும்தான்.

இந்த டி.வி. கேமைப் போல என் பொறுமையைச் சோதித்த பொருள் வேறு கிடையாது. மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் என் பெண் கீழே ஓடிவிடுவாள். பக்கத்து வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். நாலு பேரும் டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கேசட்டை உருவி, அடியில் வாயை வைத்து ஊதி, சட்டைத் துணியால் துடைத்து, மறுபடி செருகுவார்கள். அடாப்டர் தோசைக் கல் மாதிரி சுட்டால் விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, இவர்கள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் வோல்டேஜ் குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் ஓர் அஞ்சலட்டை அளவுக்கு நிற்கும். அதையும் விடாமல் ஆடுவார்கள். கண் கெட்டுப்போகும் என்று நான் படிக்கட்டில் நின்று கத்துவேன். யார் காதில் விழுந்தது?

எல்லாருக்கும் தெரிந்த நாலைந்து பிரபலமான ஆட்டங்களை ஒரே மாதத்தில் முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, யாருக்கும் பேர்கூடத் தெரியாத ஆட்டங்கள். ஐம்பத்திரண்டு ஆட்டம் என்று அட்டையில் போட்ட ஒரு கேசட், அதில் பாதி ஒரே ஆட்டம் வேறு வேறு நிறத்தில். மிச்சமெல்லாம் எவனாவது ஒருத்தன் குதித்துக் குதித்துப் போகிற ஆட்டம்தான். எழுத்து ஜப்பானோ சைனாவோ, படிக்க முடியாது. அதனால் இவர்களே பேர் வைத்தார்கள். தொப்பி போட்ட ஆமை ஒன்று மேகத்துக்கு மேகம் தாவும், அது ஆமை மாமா. வாளி ஏந்திய குண்டன் ஏணி தாண்டிக் குதிப்பான், அவன் கார்ப்பரேஷன்காரன்.

பேரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்டங்களுக்கு ரேங்க் கார்டு போட ஆரம்பித்தார்கள். ஒரு நோட்டு. ஆட்டத்துக்கு ஒரு பக்கம். நாலு பேருக்கும் நாலு கட்டம், ஒவ்வொருவரும் நூற்றுக்கு மார்க் போட்டுக் கீழே ரிமார்க்ஸ் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் டோட்டல் போட்டு ரேங்க் லிஸ்ட். பள்ளிக்கூடம் இவர்களுக்குப் போடுவதையெல்லாம் இவர்கள் ஆட்டங்களுக்குத் திருப்பிப் போட்டார்கள். அடியில் பெற்றோர் கையொப்பம் வேறு. என்னிடம் ஸ்கேல் வாங்கித்தான் கோடு போட்டார்கள். கையெழுத்தாவது திருந்துமே என்று நானும் சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ரிமார்க்ஸை நீங்கள் படித்திருக்க வேண்டும். கார்ப்பரேஷன்காரனுக்கு ஹவுஸ் ஓனர் பையன் எழுதியது: "ஏணி நல்லா கீது. ஆனா மூணாவது ஸ்டேஜ் பேஜார்." பக்கத்து வீட்டுப் பெரியவள் எல்லா ஆட்டத்துக்கும் "இன்னும் முயற்சி தேவை" என்று எழுதுவாள். சின்னவள் அக்காவின் மார்க்கை எட்டிப் பார்த்து, அதில் ஐந்து குறைத்துப் போடுவாள். மரியாதையாம்.

என் பெண் மட்டும் அரைப் பக்கம் எழுதுவாள். ஆமை மாமாவை அந்த மூன்று பேருக்கும் பிடிக்காது. நடை மெதுவாம், பாட்டு ஐஸ் வண்டி மணி மாதிரியாம். இவள் தொண்ணூறு போட்டு இப்படி எழுதியிருந்தாள்: "ஆமை மெதுவாகத்தான் போகும். ஆனால் நாம் அமுக்கிய உடனே குதிக்கும். விழுந்தால் நம் தப்புதான், ஆமையின் தப்பு இல்லை. அதனால் கோபம் வரவில்லை."

"ஏண்டி, எல்லாரும் நாப்பது போட்ட இடத்துல நீ மட்டும் தொண்ணூறு போட்டா அவங்க உன்னச் சேத்துப்பாங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஆமைக்குத்தானேம்மா போட்டேன்" என்றாள்.

மே மாதத்தில் ஹவுஸ் ஓனர் அக்காவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தார். மருமகனுக்கு ஒரு புதுக் கேசட். பளபளப்பான அட்டைப் பெட்டி, ஒரே ஒரு ஆட்டம். தெருவே கூடிப் பார்த்தது. தலை மண்சட்டி மாதிரி இருக்கும் ஒருவன் கூரைக்குக் கூரை குதித்துப் போவான். சட்டித்தலையன். அக்கா என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு தங்கச்சி, கலரப் பாரு. எந்தம்பி எத்தினி ஆசையா வாங்கினு வந்துகிறான்."

நான்கு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா மேலே ஏறி வந்தார். கையில் அந்த நோட்டு.

"இன்னா தங்கச்சி, உம்பொண்ணு எந்தம்பி வாங்கினு வந்ததுக்கு முப்பத்தஞ்சு மார்க் போட்டுகிறா. ஜஸ்ட் பாஸ்! பெயிலாக்கியிருந்தாக்கூட ரோசமா இருந்திருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு சிரிப்பு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை அவன் சாப்பிட வரான். பசங்க இத்த அவங்கிட்ட காட்டணும்னு குதிக்குதுங்க. இன்னா நெனைப்பான்?" நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

திறந்து பார்த்தேன். பையன் தொண்ணூறு, பெரியவள் அறுபது, சின்னவள் ஐம்பத்தைந்து. என் பெண் முப்பத்தைந்து. கீழே: "பட்டனை அமுக்கினால் இவன் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறான். அதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது. கலர் நன்று."

இதற்கு நான் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. இப்போது தெரிகிறது. ஆனால் மறுநாள் காலை கீழே அக்கா போடுகிற தண்ணீர் மோட்டார் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்பே நின்றது. வோல்டேஜ் காரணமாக இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பதினொரு மாத அக்ரிமெண்ட் ஜூனில் முடிகிறது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். இந்த வீட்டை விட்டால் இவளை எங்கே சேர்ப்பது, எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்று ஒரு குதிக்கிற பொம்மையிலிருந்து நான் எங்கெங்கோ போய்விட்டேன்.

பெண்ணைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கூடப் போட்டுடேன் கண்ணு" என்றேன்.

"எவ்ளோ?"

"ஒரு எண்பது?"

"அவன் குதிக்கவே மாட்டேங்கறாம்மா."

"பெரியவங்க ஆசையா வாங்கிட்டு வந்திருக்காங்கல்ல?"

"அப்ப அந்த மாமாக்கு வேணா எண்பது போடறேன். சட்டித்தலையனுக்கு முப்பத்தஞ்சுதான்."

எனக்குக் கோபம் வந்தது. பதில் சரியாக இருந்ததால் இன்னும் வந்தது. அவள் குளிக்கப் போனபோது அவளுடைய நீலப் பால்பாயிண்ட் பேனாவையே எடுத்து, மூன்றின் இடது பக்கத்தை இரண்டு வளைவாக மூடினேன். எட்டு. எண்பத்தைந்து. ரிமார்க்ஸைத் தொடவில்லை. யார் அவ்வளவு தூரம் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் பள்ளி நாட்களில் ரேங்க் கார்டில் மார்க் திருத்திய ஒரு பெண்ணோடு ஒரு வருடம் முழுக்கப் பேசாமல் இருந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தம்பி ஈசிச்சேரில் சாய்ந்து நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு ரிமார்க்ஸாகப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார். கார்ப்பரேஷன்காரனை இரண்டு தரம் படித்தார். பிறகு சட்டித்தலையன்.

"அட, எண்பத்தஞ்சு! மாடி வூட்டுப் பாப்பாவா? சரி, ரிமார்க்ஸ் இன்னா?" படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "திட்டிட்டு எண்பத்தஞ்சு போட்டுகினு கீறியே!"

பையன் நோட்டைப் பிடுங்கினான். கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். விரல் விட்டுக் கூட்டினான். ரேங்க் லிஸ்ட் போடுவது அவன் வேலை, அதை நான் மறந்தே போனேன்.

"மாமா, டோட்டல் உதைக்குது. எரநூத்தி நாப்பதுன்னு நான் எழுதிகிறேன். இப்ப கூட்டினா எரநூத்தித் தொண்ணூறு வருது." மறுபடி முன்பக்கம் வந்து, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "மூணை எட்டாக்கிட்டா! மார்க்கத் திருத்திட்டா!"

"ஐயய்ய!" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னவள். தன் அக்காவைப் பார்க்காமல் அவள் சொந்தமாகச் சொன்ன முதல் கருத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

என் பெண் நோட்டைப் பார்த்தாள். அந்த எட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜாடியிலிருந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்து 'நான்தான்' என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"ஆமா, நான்தான் திருத்தினேன்" என்றாள்.

தம்பி பெரிதாகச் சிரித்துவிட்டார். "இதுக்கெதுக்குப் பாப்பா பயம்? கடையில ரெண்டு வாங்கினா ஒண்ணு இனாம்னான். அந்த இனாம்தான் இது. டப்பா கேமுன்னு எனக்கே தெரியும்." அக்கா தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "அடப்பாவி, நான் தெருவெல்லாம் காட்டினேனே!" அவரும் சிரித்தார். என் கணவர் சிரித்தார். மோட்டார், அக்ரிமெண்ட், பஸ் எல்லாம் என் மண்டைக்குள் மட்டும் ஓடியவை.

பெரியவர்களுக்கு அது அங்கேயே முடிந்தது. குழந்தைகள் சிரிக்கவில்லை. அன்று மாலையே படிக்கட்டில் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். "நீ ஆடலாம். மார்க் போடக் கூடாது." இவள் கட்டத்தில் குறுக்கே கோடு. எல்லா ஆட்டத்துக்கும் இவள் மார்க்கைக் கழித்து மறுபடி டோட்டல். ஆமை மாமா கடைசி ரேங்குக்குப் போனது.

"ஏன் சொன்னே? நான் செஞ்சதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று மாடிக்கு வந்ததும் கேட்டேன்.

"தெரியும். நீ சொல்லுவியோன்னு பாத்தேன். நீ சொல்லலை. சரி, ஆன்ட்டி உன்னத் திட்டுவாங்கன்னு நீ பயப்படறியோன்னு நெனைச்சேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "கீழே போய் அந்தப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். மூன்று தரம் படிக்கட்டு வரை போனேன். ஒரு தரம் எலுமிச்சம்பழம் கேட்கிற சாக்கில் கீழேயே போனேன். பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அக்ரிமெண்ட் புதுப்பித்தாகிவிட்டது. மீன் குழம்பு வருகிறது. இவளும் கீழே போய் ஆடிவிட்டு வருகிறாள். ஆனால் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. தோசை எப்படியிருக்கிறது என்று கேட்டால் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். பொங்கலுக்குப் பாவாடைத் துணி எடுக்கக் கடைக்குக் கூட்டிப்போனேன். எது பிடித்திருக்கிறது என்று கேட்டதற்கு, "உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு? அதையே சொல்றேன்" என்றாள். போன வருடம் இவள் வாயை எப்படி அடக்குவது என்று கவலைப்பட்டேன். இப்போது ராத்திரித் தூக்கம் போகிறது, எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் லீவு விடுகிறார்கள். நேற்று ஹவுஸ் ஓனர் பையன் ஸ்கேல் கேட்டு மாடிக்கு வந்தான். புது நோட்டு, புதுக் கேசட். வாசற்படியிலேயே உட்கார்ந்து கோடு போட்டான். மூன்று கட்டம். நாலாவது எங்கே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பெண் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்பவாவது நான் சொல்லிடட்டுமா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "வேணாம்மா, அவங்க மறந்துட்டாங்க" என்றாள். மறந்திருந்தால் நாலு கட்டம் போட்டிருப்பானே.

அவள் வேண்டாம் என்பதை மதித்து விட்டுவிடுவதா, இல்லை அந்த மூன்று பேரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்வதா? ஒரு வருடம் கழித்துச் சொன்னால் அம்மாவுக்காகப் பொய் சொன்னவள் என்று அதற்கும் ஒரு பேர் வைப்பார்களோ? நன்றாக யோசித்துவிட்டேன், யோசித்ததில் ஒன்றும் தெளியவில்லை. உங்களில் யாராவது குழந்தைகளின் முன்னால் இப்படி ஒரு தப்பை ஒப்புக்கொண்டிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் குழந்தை பக்கத்தில் இருந்ததா, இல்லை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னீர்களா? முதல் வாக்கியமாக என்ன சொன்னீர்கள்? லீவு திங்கட்கிழமை ஆரம்பிக்கிறது.