நடு ஆற்றில் நின்ற ரொட்டி வண்டி

பல்பாராவைப் பற்றிச் சொல்லாதே என்று அவளே சொன்னாள். சொல்லத்தான் போகிறேன். என் தங்கை மகள். என் வாயை அடைக்க அவள் யார்?

எங்கள் ஊரில் அவள் ஓட்டாத வண்டி இல்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோதே குதிரைச் சறுக்குவண்டி. குதிரை நின்றுவிட்டால் அடிக்க மாட்டாள், இறங்கிப் போய் அதன் காலடியைப் பார்ப்பாள். வளர்ந்த பிறகு பால் லாரி. பனி இறுகிக் கண்ணாடியாகிக் கிடக்கும் இறக்கத்தில் பிரேக்கை மிதித்த ஆம்பிளைகள் எல்லாம் பள்ளத்தில் கிடப்பார்கள். இவள் பிரேக்கைத் தொடவே மாட்டாள், கியரைக் குறைத்து, சினைப்பசுவை இறக்குவதுபோல் லாரியை இறக்குவாள். இப்போது வைத்திருப்பது ரொட்டி வண்டி. ரொட்டி விற்க அல்ல. அறுக்காத ரொட்டி மாதிரி இருக்கும் வேன், அவ்வளவுதான்.

அது நவம்பர் மாதம், மைனஸ் நாற்பத்தைந்து. ஆறு உறையும் முன்பே கண்ணைக் காட்ட நான் அக்கரை நகரத்துக்குப் போயிருந்தேன், பல்பாராவும் ரொட்டி வண்டியோடு கூட இருந்தாள். காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. கொதிகலன் கூடத்துப் பம்பு நின்றுவிட்டது. அந்தப் பம்புதான் வெந்நீரைக் குழாய் வழியாக வீடு வீடாகத் தள்ளுகிறது. மத்தியானத்துக்குள் ஓடாவிட்டால் குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும். அப்புறம் கோடை வரைக்கும் ஊரே இல்லை; நூற்றுப்பத்து வீடும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மாற்றுப் பம்பு நகரத்தில் கிடைத்தது, கன்றுக்குட்டி கனம். பனி ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாம் காட்டில் வேட்டையில் இருந்தார்கள். ஆறு உறைந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வண்டிகளுக்கு இன்னும் பாதை திறக்கவில்லை. பல்பாரா பனிக்கட்டியில் துளை போட்டுக் கையை விட்டு அளந்தாள். ஒரு சாணும் நாலு விரலும்.

"ரொட்டியைத் தாங்கும், லாரியைத் தாங்காது" என்றாள்.

கரையில் எங்கள் ஊர் கபிரீஸ் மூன்று நாளாகப் பெரிய லாரியோடு காத்துக்கிடந்தான். "போ, போ! மீனெல்லாம் டீ போட்டு வெச்சிருக்கு, குடிச்சிட்டு வா!" என்றான்.

"நீ இங்கயே அடை காத்துக்கிட்டு இரு, அண்ணே. குஞ்சு பொரிச்சா சொல்லு" என்றாள் பல்பாரா.

ஆற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்களிடம் வழக்கம் இல்லை; பாட்டி என்போம். பாட்டிக்கு ஒரு வெண்ணெய்ப் பணியாரம் வைத்தேன். பல்பாரா கதவு இரண்டையும் திறந்து கயிற்றால் கட்டினாள். விழுந்தால் வெளியே குதிக்க வேண்டுமே.

"பெரியம்மா, இறங்கி நூறடி பின்னால நடந்து வாங்க."

"என் முட்டி நடக்காது."

"முழுகிட்டா?"

"நீ தூக்குவே."

"யாரை? உங்களையா, பம்பையா?"

"பம்பைத் தூக்குடி மொதல்ல!"

நான் இறங்கவில்லை. இன்றைக்கும் இறங்க மாட்டேன்.

நடக்கிற வேகத்தில்தான் போனோம். விரைந்தால் பனிக்கட்டிக்கு அடியில் அலை எழும்பி அதுவே பனிப்பலகையை உடைத்துவிடும். பாதி ஆற்றில் ஒரு விரிசல், அதன்மேல் தண்ணீர் ஏறி ஆவி பறந்துகொண்டிருந்தது. பல்பாரா முப்பது அடிக்கு முன்பே வண்டியை நிறுத்தி, கடப்பாரையோடு இறங்கி, தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனாள். இடதுபுறம் ஓரிடத்தில் மணி மாதிரி 'கிண்' என்றது, அங்கே பனி கெட்டி. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்னால் உறுமல் கேட்டது. கபிரீஸ் லாரியை ஆற்றில் இறக்கிவிட்டான்!

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. குளிர்காலப் பாதையில் நின்ற வண்டியைத் தாண்டிப் போகிறவன் வீட்டில் எங்கள் ஊரில் யாரும் கைநனைக்க மாட்டார்கள். அந்தக் குளிரில் நின்ற வண்டி என்றால் உள்ளே உயிர் போகிறது என்று அர்த்தம். நின்ற வண்டியைப் பார்த்தான், கை தானாகச் சாவியைத் திருகிவிட்டது. இது தரையா ஆறா என்று யோசிக்க மறந்தான்.

"வராதே! பின்னால போ!" என்று பல்பாரா கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"பயப்படாதே, வந்துட்டேன்!" என்று அவன் கதவிலிருந்து தலையை நீட்டினான்.

பனிக்கட்டி முனகியது. எங்கள் சக்கரத்துக்கு அடியில் வெள்ளை நூல் போல ஒரு கோடு ஓடியது. அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் நாங்கள், இரண்டு கனமும் ஒரே பலகைமேல்! அவள் குதித்து ஏறினாள், இரண்டாம் கியர் போட்டாள், இடதுபுறமாகத் திருப்பி விரிசலுக்கு நேர்குறுக்கே விட்டாள். தண்ணீர் சக்கரத்தை மூடியது. காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தாள், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஏறிவிட்டோம்!

பின்னால் கபிரீஸின் குரல்: "ஏய்! நடு ஆத்துல மனுஷனை விட்டுட்டு ஓடுறியே, நீ நம்ம ஊர்க்காரியா?"

"வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடு! நிக்காதே!" என்று மட்டும் கத்தினாள். நிற்கவில்லை. அவன் மெள்ள மெள்ளப் பின்வாங்கிக் கரை சேருவதைத் திறந்த கதவு வழியாக நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கொதிகலன் கூடத்தில் பம்பை இறக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு இடித்துத் திறந்தது. கபிரீஸ். லாரியை அக்கரையிலேயே விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறான், சண்டை போட! மீசையெல்லாம் பனிக்கட்டி.

"உனக்கு உதவ வந்தேன்டி நான்! என் அப்பன் காலத்துலருந்து ஒருத்தன்கூட இப்படிப் பாதையில விட்டுட்டுப் போனதில்ல!"

பல்பாரா பம்புக்கு அடியில் படுத்திருந்தாள். "நல்லாத் திட்டு, அண்ணே. அந்த நட்டைப் பிடிச்சுக்கிட்டே திட்டு."

பிடித்துக்கொண்டான். திட்டிக்கொண்டும் இருந்தான். அவள் அப்பனை, பாட்டனை, ரொட்டி வண்டியை, கடைசியில் என் முட்டியைக்கூட. அவள் இறுக்கினாள். சுவிட்சைப் போட்டதும் பம்பு உறுமிய உறுமலில் அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. உறுமல் தணிந்ததும், வெந்நீர் ஏறிய தெருக்குழாய்கள் வரிசையாக 'டக் டக்' என்று தட்டத் தொடங்கின. முதலில் பள்ளிக்கூடம், அப்புறம் கடை, அப்புறம் மேட்டுத் தெரு. கபிரீஸ் ஒரு கையை எடுத்துக் குழாய்மேல் வைத்தான். சூடு ஏறுகிறவரைக்கும் எடுக்கவில்லை.