விசிலுக்குப் பிறகு

ஓய்வு பெற்ற கண்டக்டர்கள் எங்கும்தான் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். காபி வேண்டுமென்றாலும் விசில், கதவைத் திறக்க வேண்டுமென்றாலும் விசில். மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். துணியை வெட்டும் கத்தரிக்கோலைவிட அவள் வாய் கூர்மை. "ஊதுங்க, ஊதுங்க. பஸ் நின்னு எத்தனையோ வருஷமாச்சு" என்பாள்.

அவர்களுக்குள் ஒரு பழைய விளையாட்டு உண்டு. வேலையில் இருந்த காலத்தில், ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் புழுதியோடு வந்து நிற்பார். அவள் கதவைப் பாதி திறந்து, சிரிப்பின் சாயலே இல்லாமல் கேட்பாள்.

"யாருங்க நீங்க? எந்த ஸ்டாப்புல ஏறினீங்க?"

"உங்கப்பா வீட்டு ஸ்டாப்புலதாம்மா. கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுக் களுக்கென்று சிரித்து வழிவிடுவாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை கூட்டத்திலும் மிதிபட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

வெளியூரில் இருக்கும் மகள் ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பினாள். அதைத் தையல் மெஷின்மேல் நூல் டப்பாக்களுக்கு நடுவே சாய்த்து வைத்து, இந்த விளையாட்டையே படமெடுத்துப் போட்டார். இரண்டு விசில் கொடுத்தால் ஆரம்பம், ஒரு விசில் கொடுத்தால் முடிவு. விசிலுக்குப் பிறகு வரும் அவள் சிரிப்பை வெட்டிவிடுவார். "சிரிச்சா உன் கெத்து போயிடும்" என்பது அவர் கட்சி. போனில் இடம் போதவில்லை என்று வெட்டியதையும் பார்க்காமலே அழித்துவிடுவார்.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. தினம் ஒரு புதுச் சண்டை. முடிவில் மட்டும் அதே கேள்வி, அதே பதில். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் "விசில் ஐயா!" என்று கூப்பிட்டுக் கூடவே நின்று படமெடுத்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போதும் ஒரு கண் போனிலேயே இருந்தது.

அவள் உப்பை இரண்டு முறை போட்டதையும், ஜாக்கெட்டில் கை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்தைத் தைத்ததையும் அவர் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. கண்டார், கத்தினார். அவள் விழித்தாள். அதையும் வீடியோவாக்கினார். கேள்வி கேட்கும் முன் அவள் நிறுத்தும் நேரம் வரவர நீண்டது. 'அம்மா என்னமா நடிக்கிறாங்க!' என்று ஊரே எழுதியது. மகளும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள்.

ஒரு காலையில் வழக்கம்போல எல்லாம் முடிந்து விசிலை ஊதினார். அவள் சிரிக்கவில்லை.

"யாருங்க நீங்க? வெளிய போங்க. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்."

"அடேங்கப்பா! இது இன்னும் நல்லா இருக்கே. இரு இரு, மறுபடி எடுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போனுக்குக் கை நீட்டினார். அவள் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். முகத்தில் இருந்தது நடிப்பில்லை, பயம். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்தே இராத பயம்.

அவளை அழைத்துப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகக் கேட்டார்: "அவங்களுக்கு உங்களையே தெரியாமப் போனது எப்போலேர்ந்து?"

எந்த நாளை என்று சொல்வார்? தினமும்தான் அவள் அவரைத் தெரியாது என்றாள். தினமும் அவர் விசிலை ஊதிவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று குனிந்துவிட்டார். அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று நிமிர்ந்து பார்த்திருந்தால் அல்லவா தெரியும்? பாவி மனிதர்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வீடியோவாகப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தார். எது விளையாட்டு, எது நிஜம்? கேள்வி ஒன்றுதான், முகமும் ஒன்றுதான். பதில் விசிலுக்குப் பிறகு இருந்தது. அங்கேதான் அவர் வெட்டியிருந்தார். அவள் சிரிப்பு ஒன்றாவது தப்பித்தவறி மிச்சமிருக்காதா என்று தேடினார். வேலையில் சுத்தமான ஆள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. கீழே, 'அடுத்த வீடியோ எப்போ?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை எட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது.

"இந்தம்மா என்ன வாய் பேசுது பாருங்க! அந்த ஆளு பாவம். வாசல்லயே நிக்கிறாரு."

"ஆமாம்மா."

"கடைசில உள்ள விட்டாங்களா?"

அவர் விசிலைக் கழற்றி நூல் டப்பாவுக்குள் போட்டார்.

"தெரியலம்மா. வீடியோ அதோட முடிஞ்சுபோச்சு."