மோட்டார்சைக்கிளுக்குப் போர்த்திய விரிப்பு

ரகேராவுக்குக் குரோஷா பின்னும் பெண்களைக் கண்டாலே ஆகாது. தராவாத் தீவின் பைரிகி ஊரில் வெயில் தாழ்ந்ததும் ஊர்க்கூடத்தில் தாழம்பாயை விரித்து உட்கார்ந்து, மடியில் நூல் உருண்டையைப் போட்டுக்கொண்டு, வாய் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக ஓட்டுகிற கூட்டம் அது. அவர்கள் பின்னும் கட்டில்விரிப்பில் ஒருவரும் படுப்பதில்லை. விருந்தாளி கண்ணுக்குக் காட்டிவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கடல்தாண்டிச் சுவா நகரத்தில் படித்துவிட்டு வந்து கப்பல் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காருகிற ரகேராவுக்கு இதெல்லாம் வேலையற்றவர்களின் வேலை. அலுவலகத்தில் அவள் வெட்டி முறித்ததும் ஒன்றுமில்லை. சரக்கு இன்னும் வரவில்லை என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

இத்தனை இளக்காரம் பேசுகிறவள், அந்த விரிப்புகளைக் கேட்டு வாங்க மட்டும் கூச்சப்பட்டதில்லை. தராவாவில் ஒருத்தி ஒரு பொருளை ‘புபுசி’ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆகவேண்டும். இல்லையென்று சொன்னவள் பிறகு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எதற்கு என்று கேட்பதும் கேவலம். அதனால் மற்றவர்கள் தேவைக்கு மட்டும், அதுவும் கூசிக் கூசித்தான் கேட்பார்கள். ரகேரா கடையில் சோப்பு எடுக்கிற மாதிரி கேட்டாள்.

அடுத்த வீட்டில் அவள் கணவன் யோதெபாவின் தங்கை அகாதா இருந்தாள். அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய நீலமும் மஞ்சளுமான விரிப்பைக் கடைசி முடிச்சுப் போட்ட கையோடு ரகேரா கேட்டு வாங்கிக்கொண்டாள். வாங்கியதைத் தன் மோட்டார்சைக்கிளுக்குப் போர்த்தினாள். அகாதா வேலியோரம் வந்து நின்று பார்த்தாள்.

“வண்டிக்குக் குளிருதா அண்ணி?”

“உப்புக் காத்துல துருப்பிடிக்குது. துணிதானே, எதுக்காவது ஆகட்டும்.”

“ஆமா, துணிதான்” என்று சொல்லிவிட்டு அகாதா உள்ளே போனாள்.

அதோடு பைரிகியில் ரகேரா நுழைகிற வீட்டிலெல்லாம் கட்டில்கள் மொட்டையாகிவிட்டன. கண்ணில் படாத பொருளை எப்படிக் கேட்பது? ஒருத்தியும் அவளுக்கு இல்லையென்று சொல்லவில்லை. பெட்டியைப் பூட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, வா வா என்று உபசரித்துப் பதநீர் கொடுத்தார்கள்.

ரகேராவின் மகளுக்கு ஒரு வயது நிறையும் விருந்து நெருங்கியது. ஊர்க்கூடத்தின் நடுவில் வீட்டுப் பெண்கள் கையால் பின்னிய புது விரிப்பைப் போட்டு, அதில்தான் குழந்தையை உட்கார வைப்பார்கள். ரகேராவின் தாய் உயிரோடு இல்லை. பிறந்த வீட்டுச் சனமெல்லாம் வேறு தீவில். கடையில் பூப்போட்ட போர்வை கிடைக்கும்தான், ஆனால் அதை விரித்தால் ஊரே வாயை மூடிச் சிரிக்கும். ஊரைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவளுக்குத் தெரியும். ஊர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் அகாதாவிடம் போனாள்.

“எனக்குப் பின்னக் காட்டிக்குடு. புபுசியாக் கேக்கறேன்.”

அகாதா மறுக்கவில்லை, மறுக்க முடியாதே. ஊசியை எடுத்து நூலைச் சுண்டி, கண் இமைக்கிற நேரத்தில் ஒரு வரிசை பின்னிவிட்டு ஊசியைக் கீழே வைத்தாள்.

“அவ்வளவுதானா? எனக்கு ஒண்ணும் புரியலையே.”

“காட்டச் சொன்னீங்க, காட்டிட்டேன். புரியறதுக்கும் நானா அண்ணி பொறுப்பு? சுவாவுல படிச்சவங்க நீங்க.”

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்துப் பின்னினாள். கண்ணி ஒன்று இறுகிக்கொண்டது, அடுத்தது ஊசியை விட்டு நழுவியது. நூலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்து இழுத்தாள். கழுதை மேய்க்கிறவள்கூடச் செய்கிற வேலை என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். தராவாவில் கழுதையே கிடையாது, கோபத்தில் அது எங்கே தெரிகிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்துக் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டே திரும்பினாள். துண்டு மேலே போகப் போகக் குறுகி முக்கோணமாகிவிட்டது. அகாதா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அதை எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, அண்ணன் படகுக்குப் பாய் கட்டப் போறீங்களா?”

யோதெபா சிரித்துவிட்டான். அன்று அவனுக்குச் சோறு மட்டும்தான், மீன் இல்லை.

அந்தப் ‘படகுப் பாயை’ அவிழ்த்துப் பின்னி, மறுபடி அவிழ்த்தாள். அவிழ்த்து அவிழ்த்து நூல் நைந்துபோயிற்று. சரக்குக் கப்பல் வராததால் கடையில் நூல் இல்லை. அந்தச் செய்தியைத் தொலைபேசியில் ஊருக்கே சொன்னவளும் அவள்தான். கடைசியில் மோட்டார்சைக்கிள்மேல் கிடந்த விரிப்பை எடுத்து வந்து பிரித்தாள். அது பின்னத் தொடங்கிய முனையிலிருந்து இழுத்தபோது நூல் அசையவே இல்லை. அகாதா கடைசியாகப் போட்ட முடிச்சைத் தேடி அவிழ்த்த பிறகுதான் நூல் சரசரவென்று வந்தது. வரிசை வரிசையாகக் கண்ணிகள் கரைந்து போனதைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. எண்ணெய்க் கறை பட்ட நூலை அலசிக் காயவைத்து மறுபடி உட்கார்ந்தாள்.

விரல் கொப்புளித்து, கொப்புளம் காய்ப்பேறியது. அலுவலகத்தில் மேசைக்கு அடியில் வைத்தும் பின்னினாள். ஓரத்துக் கண்ணி ஒருவழியாகக் கைக்குப் பிடிபட்டது. விருந்துக்குள் குழந்தை உட்காரும் அளவுக்கு ஒரு சதுரம் தேறியது. சதுரம் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டும் ஒரு மூலை சுருங்கியும் கிடந்தது. நீலம் அழுக்காகியிருந்தது. ரகேரா அதை மடித்து மடித்துப் பிரித்துப் பார்த்தாள். வாழ்க்கையில் அவள் கையால் உருவான பொருள் அது ஒன்றுதான். குழந்தையைத் தவிர வேறெதன்மேலும் அவளுக்கு இத்தனை ஆசை வந்ததில்லை.

விருந்தன்று பன்றி வெந்தது, பாட்டும் ஆட்டமும் நடந்தன. ரகேரா எதிலும் ஒட்டவில்லை. விரிப்பின் பக்கத்திலேயே காவல் இருந்தாள். யாராவது கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும். கிட்டே வந்த ஒவ்வொருத்தியின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஒழுக்கிய பதநீர் விரிப்பில் பட்டபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள், கறை இருந்தால் கேட்க மாட்டார்கள் என்று.

அகாதா வந்து குந்தினாள். ஓரத்தை விரலால் நிரடினாள். புரட்டி அடிப்பக்கத்தில் தொங்கிய நூல் முனைகளைப் பார்த்தாள். தன் நூலை அடையாளம் கண்டுகொண்டாள், அது முகத்தில் தெரிந்தது. ரகேரா விரிப்பின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் அண்ணி இப்படி வேர்க்குது உங்களுக்கு? பயப்படாதீங்க. இத யாரும் கேக்க மாட்டாங்க.”

சொல்லிவிட்டு எழுந்து பன்றிக்கறி சாப்பிடப் போனாள்.

விருந்து கலைந்தது. போகும்போது ஒருத்தி ரகேராவின் பிளாஸ்டிக் பேசினைக் கேட்டாள், கொடுத்தாள். இன்னொருத்தி அவள் காலில் கிடந்த செருப்பைக் கேட்டாள், கழற்றிக் கொடுத்தாள். பிறகு, அகாதா சொன்னது மனதில் உறுத்த, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, விரிப்பை எடுத்து எல்லார் கண்ணிலும் படும்படி தோளில் போட்டுக்கொண்டு, கூடத்து வாசலில் வெறுங்காலோடு நின்றாள். ஒவ்வொருத்தியாக அவளைக் கடந்து போனார்கள். ஒருத்தியும் கேட்கவில்லை.