பாதுகாப்பு என்று தாதி சொன்னது

கொழும்பு வெள்ளவத்தையில் கோயிலுக்குப் போனாலும் கைப்பையில் கற்பூரத்தோடு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புதினமாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ் அறைகளில் தங்கியிருக்கும் எங்களுக்குப் பாதுகாப்பு என்றால் அந்தப் பதிவுத் துண்டுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை லொட்ஜின் கீழ் மண்டபத்தில் பெண்களுக்கு எயிட்ஸ் பற்றி வகுப்பு வைத்தார்கள். சிங்களத் தாதி ஒருவர் தெரிந்த தமிழில் சொன்னார்: "பாதுகாப்பு இல்லாம மாத்தயாவோட இருக்க வேணாம்." மாத்தயா என்றது புருசனை.

பக்கத்து அறைச் செல்வமக்கா என்னைக் காட்டிக்கொண்டு எழும்பினா. "எங்கள் எல்லாரிட்டயும் பொலிஸ் பதிவு இருக்கு மிஸ். இவளின்ர மனுசன் வாற கிழமை குவைத்தால வாறார். வந்த உடன அவருக்கும் எடுத்துப்போடுவம்."

உதவிக்கு வந்திருந்த முஸ்லிம் பிள்ளை ஃபரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது பொலிஸ் கதை இல்லக்கா. ஆணுறையப் பத்தித்தான் மிஸ் சொல்றாங்க."

"சிவசிவா. அதை என்னட்டை ஏன் சொல்லுறியள்? என்ர மனுசனுக்குக் குறட்டை எண்டு சொல்லவே எனக்கு இன்னும் வாய் வரேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. தாதி என்னிடம் சொன்னார்: "நீங்க நல்ல. மாத்தயாவும் நல்ல. ஆனா ரத்தம் பாக்கணும், ரெண்டு பேரும்."

கலியாணம் முடிந்து சில மாதத்திலேயே குவைத்துக்குப் போனவர் அவர். வெள்ளி தவறாமல் விரதமிருந்து அவருடைய நல்ல உடம்புக்காகவே பிள்ளையாரைக் கும்பிட்டு வந்தேன். ஊரில், வெளிக்கிடும் ஆளிடம் எங்கே என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பார்கள். நானும் கேட்டதில்லை. கேளாமல் இருந்தே நல்ல பெண்சாதி என்று பெயரெடுத்தவள், இதை எப்படிக் கேட்பது? கேளாமல் விட்டு, நாளைக்கு ஒரு பிள்ளை தங்கினால் அதற்கும் அல்லவா தொற்றும்?

அவர் மெலிந்து வந்திருந்தார். தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பொரளை ஆஸ்பத்திரிக்குப் போய் ரெண்டுபேரும் இரத்தம் சோதிப்பம். அதுவரைக்கும் தனியப் படுப்பம்." ஃபரீதா சொன்ன அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"என்னைச் சந்தேகப்படுறியோ?"

"இல்லையப்பா. நானும்தானே குடுக்கப்போறன்."

"கொழும்பு உனக்கு நல்லாக் கதைக்கப் பழக்கியிருக்கு." கோப்பையைக் கீழே வைத்தார். "எப்ப போகவேணும்?"

போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு இன்னும் வரவில்லை. இன்று மத்தியானமும் அவர் கட்டிலில், நான் கீழே பாயில். வடக்கே தலை வைப்பதில்லை என்பதால் எனக்குக் கால்தான் ஊர்ப்பக்கம். நித்திரையில் அவருடைய கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தொட்டால் ஒன்றும் தொற்றாது என்று தாதி சொன்னவதான். தொட்டால் கையோடு நிற்காது என்பது எனக்கல்லவா தெரியும். என் இரண்டு கையையும் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஊரை நோக்கிக் கால் நீட்டியபடி விழித்துக் கிடந்தேன்.