மூடியில் படிந்த வெள்ளைக் கோடு

தொட்டியின் கண்ணாடி மூடியைத் துடைக்கத் தூக்கியபோதுதான் பார்த்தேன்... அதன் அடிப்பக்கம், ஓரமாக, வெள்ளையாக ஒரு கோடு.

தொட்டால் சொரசொரவென்று இருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்தேன். அந்தத் தொட்டிக்குள் சுண்ணாம்பு வந்திருந்தால், அது என் கல்லிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

பெரம்பலூரில் சித்தப்பா வைத்திருக்கும் கலர் மீன் கடைக்கு நான் வேலைக்கு வந்த புதிது. பத்தாவதை முடிக்காமலே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். யாராவது கடைக்குள் வந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். மீன்களோடு அந்தச் சிக்கல் இல்லை. அவை எதுவும் கேட்பதில்லை.

அந்த வருடக் கோடைக்குக் கொஞ்சம் முன்பு சித்தப்பாவுக்குக் கடல் மீன் ஆசை வந்தது. கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கினோம். தெளிந்ததும், உப்பை அளக்க, சோப்பு டப்பா அளவில் இருந்த ஒரு பிளாஸ்டிக் மீட்டரில் ஊற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்த முள் சரியான கோட்டில் நின்றது. சித்தப்பா மீட்டரைத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அதோடு அதை மறந்துவிட்டோம்.

பிறகு காத்திருப்பு... மீனே இல்லாமல் மோட்டார் மட்டும் வாரக்கணக்கில் ஓடியது. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் முதலில் குடியேற வேண்டுமாம். கடைக்கு வந்தவர்கள், "என்னங்க, தண்ணிய வளக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் அந்தக் கல்லைக் கொண்டுவந்தேன். அரியலூர் பக்கம் எங்கள் ஊர்க் காட்டில், மழையில் மண் கரைந்தால் இப்படிக் கற்கள் தலைகாட்டும். சுருள் சுருளாக, கிடாக் கொம்பு மாதிரி. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது, அதில் வாழ்ந்த உயிர்தான் கல்லாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கடலில் இருந்த ஒன்று எங்கள் வீட்டு ஜன்னலில் பல வருடமாகக் கிடந்தது. அதைத் திரும்பவும் உப்புத் தண்ணீரில் விட்டால் எப்படி இருக்கும்?

சித்தப்பா சிரித்தார். "கடல விட்டு வந்து எவ்ளோ காலம் ஆச்சோ... குளிக்கட்டும், போடு."

மீன்கள் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி. தொட்டியில் விட்டதும் பெரியது என் கல்லோரமாகப் போய் ஒண்டிக்கொண்டது. சின்னது அதன் பின்னாலேயே போனது.

வெயில் ஏறியது. தண்ணீர் சூடாகக் கூடாது என்று பாதி மூடியை எடுத்துவிட்டு, டேபிள் ஃபேனைத் தொட்டிமேல் திருப்பி வைத்தார் சித்தப்பா. தண்ணீர் குளிர்ந்தது. மட்டமும் தினம் ஒரு விரற்கடை இறங்கியது. இறங்கிய அளவுக்கு உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றினோம். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே...

கொஞ்ச நாளில் பெரியது தீனி எடுப்பதை நிறுத்தியது. வேகவேகமாக மூச்சு வாங்கியது. சித்தப்பா மீனைப் பார்த்தார், பிறகு கல்லைப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் கல்லு புள்ள அது. சிமெண்டுக்கு அதத்தான வெட்டுறானுவ."

கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். திட்டவில்லை. இந்த ஜோடி போய்விட்டால் தொட்டியைக் கழுவி நல்ல தண்ணீரில் வளரும் கப்பி மீன் விட்டுவிடலாம், கடல் மீன் நமக்கு ஒத்துவராது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

கல் போன பிறகும் மீன் தேறவில்லை. சின்னதும் தீனியை வாயில் வாங்கித் துப்ப ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த வெள்ளைக் கோடு.

முந்தின நாள்தான் அந்த மூடியைத் துடைத்திருந்தேன். கல் தரையில் கிடக்கிறது. பிறகு இது எங்கிருந்து வருகிறது? நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

உப்பு.

தெறித்த தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் மூடியில் தங்கியிருந்தது. அப்படியென்றால் ஃபேன் காற்றில் போவதும் வெறும் தண்ணீர்தான். தொட்டியிலிருந்து உப்பு போகவே இல்லை. நாங்கள் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

கடையில் ஆள் இருந்தார்கள். திரைக்குப் பின்னால் போகவில்லை. தொட்டியைப் பார்த்தபடியே கேட்டேன்:

"சித்தப்பா... கொழம்பு சுண்டிப்போச்சுன்னா உப்பா போடுவாங்க? தண்ணிதான ஊத்துவாங்க?"

என்ன குழம்பு என்றார். வெள்ளை ஒட்டிய விரலை நீட்டினேன். அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறி அந்த மீட்டரை எடுத்தார். தொட்டித் தண்ணீரை ஊற்றியதும் முள் கோட்டைத் தாண்டி, மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஊறுகாய்ல போட்டுல்ல வச்சிருக்கோம் ரெண்டயும்..."

ஒரேயடியாக உப்பைக் குறைத்தாலும் மீன் தாங்காது. தினமும் கொஞ்சம் உப்புத் தண்ணீரை மொண்டு எடுத்து, அந்த அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினோம். முள் மெதுவாக இறங்கி வந்தது. ஒரு காலையில் நான் போட்ட தீனியைப் பெரியது பாய்ந்து எடுத்தது. அன்றைக்கே சித்தப்பா கல்லைக் கழுவிப் பழைய இடத்தில் வைத்தார்.

"ஒங்க ஊருக் கல்லு மேல தப்பில்ல."

இப்போது தண்ணீர் குறைந்தால் தானாகவே சொட்டுகிற கருவி இருக்கிறது. உப்பை அளக்க டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது. யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வசதிதான்... ஆனாலும் தண்ணீர் இறங்குவதையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோடை சில நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. நேற்றும் வந்தது.

நேற்று சித்தப்பா வெளியே போயிருந்த நேரம், திருமானூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். வீட்டில் முதல்முதலாகக் கடல் தொட்டி வைக்கப் போகிறாராம். அந்த ஜோடியையும் கல்லையும் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தண்ணி கொறஞ்சா திரும்ப உப்பு போட்டு ஊத்தணுமாம்மா?"

திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது.

நான் தொட்டியின் மூடியைத் தூக்கி, ஓரத்து வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். "இதத் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்கக்கா" என்றேன்.