வெள்ளிப் பவுடருக்கு அடியில்

தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கும்போதெல்லாம் என் உள்ளங்கைகளில் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பும். தொற்றுநோய் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று கூசி, பட்டாசு வேலையில் கையில் படிந்த வெள்ளிப் பவுடர் கொப்புளத்தை மறைக்கட்டும் என்று, அதைக் கழுவாமலே கம்பெனி வேனில் ஏறுவேன்.

"ஏக்கா, கம்பெனியவே வீட்டுக்குக் கொண்டு போறீகளோ?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்க, வேனே சிரித்தது.

பவுடரால் அரிப்பு கூடியது. விருதுநகர் போய்க் காட்டினேன். டாக்டர், "இது தொத்தாதும்மா. மனசு பதறுனா இப்படிக் கிளம்பும். கையைக் கழுவி மருந்து போடுங்க, தியானமும் பண்ணுங்க" என்றார்.

தியான வகுப்பில் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைக்கச் சொன்னார்கள். நான் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். எல்லாரும் கண்ணை மூடிய பிறகுதான் வெளியே எடுத்தேன். மூச்சைக் கவனிக்கக் கவனிக்க அரிப்பு கொஞ்சம் அடங்கியது.

தியானம் முடிந்ததற்கான மணி அடித்ததும், கைகள் மறுபடி முந்தானைக்குள் போய்விட்டன.